மறியலுக்கு முன்னால் கேஸ் ஷீட்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைப் பக்கமோ பாளையங்கோட்டைப் பக்கமோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் திடீரென்று கூட்டம் கூடிவிட்டால், பஸ்ஸில் போகிறவருக்கே விஷயம் புரிந்துவிடும். நடந்து உள்ளே போன ஆள் இறந்துபோயிருப்பார். சொந்தக்காரர்கள் உடலை வாங்கமாட்டோம் என்று ரோட்டில் உட்காருவார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், பின்னாலேயே தாசில்தாரோ ஆர்டிஓவோ வருவார். சாயங்காலத்துக்குள் "விசாரணை நடக்கும்" என்று ஒரு வாக்கு. சில இடங்களில் கவரில் கொஞ்சம் பணமும், "எங்களுக்குப் புகார் ஏதும் இல்லை" என்று ஒரு கையெழுத்தும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கோபம் ஆறாமல் வக்கீலைத் தேடிப் போகும்போது கையில் இருப்பது ஒரு பில்லும் அரைப் பக்க இறப்புச் சுருக்கமும்தான்.

கூட்டம் வாசலில் நின்ற அத்தனை நேரமும், சிகிச்சை விவரம் முழுவதையும் எழுதிவைக்கிற கேஸ் ஷீட் மாடியில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மருத்துவத் தவறு சம்பந்தப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் முதல் மூன்று நாளில் கைக்கு வந்த காகிதத்தை வைத்தே நிற்கும், இல்லாவிட்டால் விழும். அதனால் தடுத்திருக்கக்கூடிய தவறுகள் எப்படி நடக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தக் காகிதத்தில் தடம் விடும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சட்டம் அதற்குப் பிறகு.

முதலில் இன்சுலின். நம்மூரில் தெருவுக்குப் பத்து வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கும், இரண்டு வீட்டில் ஊசி இருக்கும். சீசாவில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி; 40-வது கோடு வரை இழுத்தால் ஒரு மில்லி. இன்சுலின் பேனாவுக்குள் போடுகிற 3 மில்லி கார்ட்ரிட்ஜில் இருப்பதோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதைச் சிரிஞ்சில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் சரி. இப்போது பேனா மக்கர் செய்கிறது, மணி ராத்திரி ஒன்பது, கைக்குக் கிடைத்தது சிவப்பு மூடி. கார்ட்ரிட்ஜில் குத்தி 20-வது கோடு வரை இழுக்கிறார்கள். உள்ளே வந்தது அரை மில்லி. அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். டாக்டர் எழுதியது 20. இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விட்டது. ஊசி போட்டவருக்கோ தான் 20 போட்டதாகவே நினைப்பு. விடியற்காலையில் நோயாளி வேர்த்து நனைந்து, கூப்பிட்டால் உளறுவார். அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டால் வலிப்பு, அப்புறம் மூளைப் பாதிப்பு. இது தலைகீழாகவும் நடக்கும். 40 யூனிட் சீசாவிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மறுநாள் டோஸைக் கூட்டுவார்கள்.

மருந்துச் சார்ட்டில் இந்தத் தவறு தெரியாது. அதில் "20 யூனிட் கொடுக்கப்பட்டது" என்றுதான் இருக்கும். சர்க்கரைச் சார்ட்டில் ராத்திரி 210, விடிகாலை 38 என்று எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கணக்கு இடிப்பது கண்ணில் படும். குப்பைக்குப் போகுமுன் அந்தக் கார்ட்ரிட்ஜையும் சிரிஞ்சு மூடியையும் போட்டோ எடுத்து வைத்தவர் பாக்கியசாலி.

இரண்டாவது, மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தருகிற மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். 7.5 மில்லிகிராம் என்று எழுதினால், 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்று, வாரம் ஒரு தடவை. இதையே தினமும் சாப்பிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், காய்ச்சல் வரும், உயிரும் போகலாம். கூடவே எழுதுகிற ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரையும் பல கம்பெனிகளில் இதேபோல மஞ்சள் நிறத்தில் சின்னதாக இருக்கும். எது தினசரி, எது வாராந்தரம் என்று மாறிப்போகிறது. சீட்டில் கிழமையைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அதிலும் மன்டே வேண்டாம் என்பார்கள், அவசரக் கையெழுத்தில் அது மார்னிங் ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை என்று தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை. இங்கே தடம் விடுகிற காகிதம் மெடிக்கல் பில். வாரம் மூன்று என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு மாத்திரை. பில்லில் 30 என்றோ 90 என்றோ இருந்தால் தவறு கடையில் நடந்ததா, சீட்டிலேயே நடந்ததா என்று பிரித்துவிடலாம். பில் வேண்டாம், விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சலுகை பின்னால் ரொம்ப விலை கேட்கும்.

தெளிவான எழுத்து என்பது டாக்டரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் இல்லை. மருந்தின் பொதுப்பெயரை, படிக்கிற மாதிரி, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியில் 2016-லேயே திருத்தம் வந்துவிட்டது.

மூன்றாவது ஊசி அலர்ஜி. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிஷத்தில் மூச்சு இழுக்கிறது, பிரஷர் இறங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது. இதற்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று என்று வருகிற ஆம்பியூலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிஷத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. அலர்ஜிக்குப் போடுகிற அவிலும், ஸ்டீராய்டான டெக்ஸாவும் அதற்குப் பிறகுதான். நடைமுறையில் சின்ன கிளினிக்குகளில் நடப்பது தலைகீழ்: அவில் போடுவார்கள், டெக்ஸா போடுவார்கள், குளுக்கோஸ் ஏற்றுவார்கள், கடைசியில் 108-க்கு போன். அலர்ஜி வந்தது டாக்டரின் குற்றம் இல்லை; அது யாருக்கும் வரலாம். கேள்வி நேரத்தைப் பற்றியது. ஆன்டிபயாடிக் 6.10, அவில் 6.15, அட்ரினலின் 6.40 என்று சார்ட்டில் இருந்தால், இடையிலுள்ள இருபத்தைந்து நிமிஷம்தான் வழக்கு. முந்தைய சீட்டில் "பென்சிலின் ஒத்துக்காது" என்று எழுதியிருந்தும் அதே வகை மருந்து போயிருந்தால் அது இன்னும் நேரான கேஸ்.

பொட்டாசியம் குளோரைடு பற்றிச் சுருக்கமாக. 10 மில்லி ஆம்பியூல், பார்வைக்குச் சுத்திகரித்த தண்ணீர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இதை வார்டு அலமாரியில் மற்ற ஆம்பியூல்களோடு வைக்கவே கூடாது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பாடம்.

ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணி விட்டுப்போவது பழைய தவறு, இன்னும் ஓயவில்லை. ரத்தம் ஒற்றுகிற துணிகளை (மாப்) ஆபரேஷன் தொடங்குமுன் ஒருமுறை, உள்ளறையை மூடுமுன் ஒருமுறை, தோல் தைக்கும்போது ஒருமுறை எண்ண வேண்டும். கணக்கு இடித்தால் மேஜையிலேயே எக்ஸ்ரே. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புத் தாள் இதையெல்லாம் மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், அறையை விட்டு வெளியேறுமுன் என்று மூன்று கட்டமாகப் பத்தொன்பது கேள்விகளில் அடக்கிவிட்டது. எட்டு நாட்டு ஆஸ்பத்திரிகளில் பரிசோதித்தபோது, அதைப் பயன்படுத்திய பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாள்! அந்தத் தாள் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில் ஒரே நேரத்தில் டிக் அடித்ததா என்று பாருங்கள்.

இறுக்கமான கட்டும் மாவுக்கட்டும் இன்னொன்று. எலும்பு முறிவுக்கு ஆஸ்பத்திரியில் போட்டாலும் சரி, கட்டு வைத்தியரிடம் போட்டாலும் சரி: முறிவுக்கு மிஞ்சிய வலி, விரலை லேசாக நீட்டிவிட்டாலே துடிப்பது, மரத்துப்போவது, விரல் சில்லென்று வெளுப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் கட்டை உடனே வெட்டி விட வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பித்துவிடும். 2022 நவம்பரில் சென்னை அரசு ஆஸ்பத்திரியில் மூட்டு ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர் காலையும் பிறகு உயிரையும் இழந்தது, இறுகிய கட்டைக் கவனிக்காமல் விட்டதில்தான். "வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்ற வார்த்தையை யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று குறித்துவையுங்கள்.

இனி சட்டம். மோசமான முடிவு வேறு, அலட்சியம் வேறு. ஆபரேஷன் தோற்றுப்போனது என்பதற்காக யாரும் இழப்பீடு கொடுக்கமாட்டார்கள். சாதாரணத் திறமையுள்ள இன்னொரு டாக்டர் அதே நிலையில் செய்திருக்கவே மாட்டாத ஒன்றை இவர் செய்தாரா, செய்யவேண்டியதை விட்டாரா? அதனால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான புகார்கள் சறுக்குகின்றன. தவறு நடந்திருக்கும், ஆனால் சாவுக்குக் காரணம் அதுதான் என்று காட்ட ஒன்றும் இருக்காது.

சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் 1996-ல் இருபத்தொன்பதாவது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த குழந்தையின் வழக்கு இதற்கு நல்ல பாடம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். பிறந்து நாலாவது வாரத்துக்குள் பார்த்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அதைச் செய்யவும் இல்லை, செய்யச் சொல்லிப் பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தைக்குக் கண் போய்விட்டது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்கை விழாமல் நிற்கவைத்தது பிறப்பு எடை, வாரம், டிஸ்சார்ஜ் தேதி, அதில் இல்லாத ஒரு வரி. எழுதாமல் விட்டதும் சாட்சிதான். (உங்கள் வீட்டில் 34 வாரத்துக்கு முன்னோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ குழந்தை பிறந்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கண் பரிசோதனைத் தேதியை முதலில் பாருங்கள். முப்பது நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.)

காகிதத்துக்கு வருவோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் 1.3.1, உள்நோயாளியின் பதிவேடுகளை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. 1.3.2, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது. 2023-ல் புது விதிகள் வந்தன, அவை நிறுத்திவைக்கப்பட்டதால் இதுதான் நடப்பு. "எங்க ஆஸ்பத்திரி வழக்கத்துல கேஸ் ஷீட் குடுக்கறதில்ல" என்று ரிசப்ஷனில் சொல்வது வழக்கமாக இருக்கலாம், சட்டம் அல்ல. நகல் எடுக்கிற செலவைக் கேட்கலாம். பில் பாக்கி என்று சொல்லி மறுக்கமுடியாது. பில் பாக்கிக்காக உடலையோ நோயாளியையோ பிடித்துவைப்பதும் நோயாளி உரிமைச் சாசனத்துக்கு விரோதம்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரி தன் கதையைச் சுருக்கி எழுதியது. உங்களுக்கு வேண்டியது அட்மிஷன் குறிப்பு, டாக்டரின் தினசரிக் குறிப்பு, சிஸ்டர்களின் குறிப்பு, மருந்துச் சார்ட், பிரஷர்-நாடி சார்ட், உள்ளே போன வெளியே வந்த நீர்க் கணக்கு, சம்மதப் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, லேப் ரிப்போர்ட், ஸ்கேனின் சிடி, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கடிதம். இதில் தங்கம் சிஸ்டர் குறிப்புதான். டாக்டர் குறிப்பு பிறகு அழகாக எழுதப்படலாம். ஆனால் "02.40 மணி, நோயாளி மூச்சுத்திணறல் என்கிறார், டூட்டி டாக்டருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது" என்ற சிஸ்டரின் ஒரு வரி, டாக்டர் 05.15-க்குத்தான் வந்தார் என்பதை அடுத்த பக்கத்தோடு சேர்த்துச் சொல்லிவிடும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே மை, பக்க எண் தாவல், வெள்ளை மை பூசியது, நேரத்தை அடித்துத் திருத்தியது எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். பதிவேடு தராவிட்டாலோ திருத்தியிருந்தாலோ நுகர்வோர் ஆணையங்கள் அதை ஆஸ்பத்திரிக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்.

நோயாளி வார்டில் இருக்கும்போதே தலைமாட்டில் தொங்குகிற சார்ட்டைத் தினம் ஒருமுறை போனில் போட்டோ எடுத்துவிடுவது நல்லது. சண்டை போடுவதற்காக அல்ல, அடுத்த டாக்டருக்குக் காட்டவும் உதவும். காலி ஆம்பியூல், மருந்து அட்டை, அதிலுள்ள பேட்ச் எண், காலாவதித் தேதி. டாக்டரோடு பேசிய வாட்ஸ்அப். ஜிபேயில் கட்டிய ரசீது. சிசிடிவி பதிவு சில நாளிலோ வாரத்திலோ தானாக அழிந்துவிடும் என்பதால் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும்.

சம்மதப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. அட்மிஷன் போடும்போதே பத்துத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள், பாதி வெற்று. கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சம்மதம் என்பது சிகிச்சைக்குத்தான், அலட்சியத்துக்கு இல்லை. அதோடு, ஒரு காரியத்துக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு டெல்லி வழக்கில், வயிற்றுக்குள் கருவி நுழைத்துப் பரிசோதிக்க மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். நோயாளி தானே முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த மனுஷி. கண் விழிக்கும்வரை காத்திருக்க முடியாத அவசரமும் இல்லை. நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருந்தாலும் அது சம்மதமில்லாத ஆபரேஷன் என்றது நீதிமன்றம். நம் பக்கம் "மாப்பிள்ளையைக் கேட்டாச்சு, மாமியாரைக் கேட்டாச்சு" என்று ஆபரேஷன் நடப்பது எத்தனை!

இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை. இதைச் சொல்லும்போது எந்த வீட்டிலும் முகம் மாறும். ஏற்கெனவே அனுபவித்த உடம்பை இன்னும் அறுக்க வேண்டுமா என்பார்கள். அந்த வேதனை நியாயம். ஆனால் எதனால் இறந்தார் என்று காட்ட வேறு வழி இல்லை. எரித்த பிறகு ஒன்றும் இல்லை. புதைத்தாலும் தோண்டி எடுக்கத் தனி உத்தரவு வேண்டும், அதற்குள் திசு அழுகிவிடும். சந்தேகம் இருந்தால் உடலை வாங்குமுன் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். புகாரில் பிரேதப் பரிசோதனை கேட்டு, வீடியோ பதிவும், உறுப்புகளின் ரசாயனப் பரிசோதனையோடு நுண்ணோக்கித் திசுப் பரிசோதனையும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். கடைசியில் சொன்னது விடுபட்டுப்போவது சகஜம். மாரடைப்பா, நுரையீரலில் ரத்தக்கட்டியா, கிருமித் தொற்றா என்பது அங்கேதான் தெரியும்.

போலீஸ் வழக்கு எதிர்பார்த்ததைத் தராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் விளைவித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம் சிறை. ஆனால் 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு கடுமையானது: குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, அப்பட்டமான அலட்சியம் வேண்டும், விசாரணை அதிகாரி முதலில் சார்பில்லாத, முடிந்தால் அரசுப் பணியிலுள்ள, மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும், வழக்கமான குற்றவாளி மாதிரிக் கைது செய்யக் கூடாது. "டாக்டரைக் கைது செய்" என்ற கோஷத்துக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறுகல். எதிர்ப்பக்கம் மட்டும் அகலம்: ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தாலோ சிஸ்டர் மேல் கை வைத்தாலோ, தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜாமீன் கிடைக்காத வழக்கு, மூன்று வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை சிறை. தம்பியை இழந்த அண்ணன் அன்று ராத்திரியே உள்ளே போய்விடுகிறான். ஆஸ்பத்திரியின் பேரத்துக்கு அது வசதி.

இழப்பீட்டுக்கான நேர்வழி நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்கிற மருத்துவம் ஒரு சேவை என்று 1995-ல் சாந்தா வழக்கில் முடிவாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம்: புகார்தாரர் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். சிகிச்சை மதுரையிலோ நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ நடந்திருந்தாலும், வள்ளியூர்க்காரர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கிற இழப்பீட்டை வைத்து இல்லை, நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த தொகையை வைத்து. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவ வழக்கில் வக்கீல் இல்லாமல் போவது, நீச்சல் தெரியாமல் ஆடி மாசத் தாமிரபரணியில் இறங்குவது மாதிரி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-ல் கேட்கலாம்.

காலக்கெடு இரண்டு வருஷம். இதைப் பற்றி அசட்டையாக இருக்கவே கூடாது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, தக்க காரணம் காட்டினால். வயிற்றுக்குள் துணி இருந்தது பிறகு தெரிந்தால் தெரிந்த நாளிலிருந்து கணக்கு என்று வாதாடலாம். ஆனால் 2010-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், 1993-ல் ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஒன்பது வருஷம் வலியோடு இருந்தும் அந்த டாக்டரிடம் திரும்பிப் போகவே இல்லை. 2002-ல் வேறிடத்தில் துணியை எடுத்தார்கள். புகார் காலம் கடந்ததென்று தள்ளுபடியானது. அவரே ஒரு செவிலியர். வலி தொடர்ந்தால் அதே டாக்டரிடம் போய், வலி என்று சீட்டில் எழுதவைப்பது வைத்தியத்துக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

எதிர்த்தரப்பாக டாக்டரை மட்டும் சேர்க்காமல் ஆஸ்பத்திரியையும் சேருங்கள். வெளியிலிருந்து வந்துபோகிற டாக்டர், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற பதிலை 2004-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்கள் பதில் போட 30 நாள், மேலே 15 நாள், அதற்கு மேல் இல்லை. மேல்முறையீடு 45 நாளுக்குள், மாநில ஆணையத்தில். நம் மாவட்டத்துக்கு அதன் மதுரை அமர்வு.

நிபுணர் கருத்துதான் பெரிய தலைவலி. திருநெல்வேலி டாக்டர் ஒருவர் இன்னொரு திருநெல்வேலி டாக்டருக்கு எதிராக எழுதித் தருவது அபூர்வம். எல்லோரும் ஒரே காலேஜ், பாதிப்பேர் சம்பந்திகள். வெளியூரில் ஓய்வுபெற்ற பேராசிரியரைப் பிடிப்பது நடக்கும் காரியம். "தப்பு நடந்ததா சார்" என்று கேட்டால் பதில் வராது. "பிரஷர் 80/50 ஆக இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறது, இந்த நிலையில் என்ன செய்திருக்க வேண்டும்" என்று கேட்டால் வரும். துணியை உள்ளே விட்டது, வலதுக்குப் பதில் இடது காலைக் கிழித்தது மாதிரி தானே பேசுகிற தவறுகளுக்கு நிபுணரே தேவையில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கு சொல்லிவிட்டது.

அரசு ஆஸ்பத்திரி என்றால் கதை கொஞ்சம் மாறும். எல்லோருக்கும் முழுக்க இலவசமான இடத்தை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். காசு கட்டுகிறவர்களும் இலவசக்காரர்களும் சேர்ந்து வருகிற இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டினால் அது இலவசம் ஆகாது என்றும் சாந்தா தீர்ப்பிலேயே இருக்கிறது; முதல்வர் காப்பீட்டு அட்டையில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். முழு இலவசம் என்றால் சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அரசு ஊழியரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்பதில் இப்போது சந்தேகமில்லை. கேஸ் ஷீட் தரத் தாமதித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பதும் தவறில்லை; ஒரு ரசீது கிடைக்கும், மனு நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் போகும். இழப்பீடு அங்கிருந்து வராது, அவ்வளவுதான். பதிவில்லாத கிளினிக், படிக்காமல் ஊசி போடுகிறவர் என்றால் மட்டும் இணை இயக்குநர் அலுவலகம்தான் சரியான முதல் கதவு. டாக்டரின் பதிவின் மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அதுவும் பணம் தராது, ஆனால் அதன் முடிவு மற்ற வழக்கில் கனம் சேர்க்கும்.

இதற்கெல்லாம் முதல் படி ஒரு கடிதம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும்:

"பெறுநர், மருத்துவ நிர்வாகி அவர்கள். ஐயா, தங்கள் மருத்துவமனையில் (தேதி) முதல் (தேதி) வரை உள்நோயாளி எண் (எண்)-இல் சிகிச்சை பெற்ற (பெயர்) என்பவரின் (உறவு) நான். அவருடைய மருத்துவரின் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், மருந்துச் சார்ட், ஆபரேஷன் மற்றும் மயக்க மருந்துப் பதிவுகள், சம்மதப் படிவங்கள், ஆய்வக முடிவுகள், ஸ்கேன் படங்கள் உள்ளிட்ட அனைத்துப் பதிவேடுகளின் நகலையும், 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதி 1.3.2-இன்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயார். மேற்படி நாட்களின் சிசிடிவி பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே தபாலில் ஒப்புகையோடு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியின் இமெயிலுக்கும் அதன் போட்டோவைப் போடுங்கள். சீல் போடுகிறவரிடம் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். 72 மணி நேரம் அங்கிருந்துதான் ஓடும்.